ஓடுபவருக்கு முன்னால் நிற்பவர்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

நியூ ஜெர்சியில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். நானும் என் மகனும் நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகர்கள். 2024 மார்ச்சில் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் எங்கள் ஆட்டக்காரர், அதாவது ரன்னிங் பேக், சேக்வான் பார்க்லி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்குப் போய்விட்டார். அந்தப் பருவத்திலேயே அவர் 2,005 கஜம் ஓடினார், அவர்கள் லீகின் சாம்பியனைத் தீர்மானிக்கும் சூப்பர் பவுல் ஆட்டத்தை வென்றார்கள். நாங்கள் 17 ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றோம். ஒரே ஒருவரை இழந்தால் அணி இப்படிச் சரியுமா? எந்த ரன்னிங் பேக்குக்கும் மாற்று கிடைக்கும் என்றுதான் புள்ளிவிவரம் சொல்வதாக அலுவலக நண்பர்கள் வாதிடுகிறார்கள். ஓர் அணி மொத்தமாகத் தரக்கூடிய சம்பளத்தின் உச்சவரம்பை வைத்துப் பார்த்தால் நிர்வாகம் செய்தது சரிதானா? பார்க்லியின் சட்டையை இனி அணியக்கூடாது என்று மகனிடம் சொன்னேன், அழுதுவிட்டான்.

எஸ்., எடிசன்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தச் சட்டையை உங்கள் மகனிடம் திருப்பிக் கொடுங்கள். குழந்தைகள் ஒரு மனிதர் ஓடும் அழகைத்தான் நேசிக்கிறார்கள். ஒப்பந்தத்தில் எந்த நிர்வாகம் கையெழுத்திட்டது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. உங்கள் மனத்தாங்கலை அவன் தலையில் ஏற்றியது சரியில்லை. சம்பள உச்சவரம்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அந்தக் கணக்கைப் போட நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உங்கள் நண்பர்களின் வாதம்தான் என்னை எழுத வைக்கிறது, ஏனென்றால் கொஞ்ச காலமாகவே அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. இப்படி வாதிடுபவர்கள் பெரும்பாலும் டென்வர் அணியைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். 1998இல் அதன் ரன்னிங் பேக் டெரல் டேவிஸ் 2,008 கஜம் ஓட, டென்வர் தொடர்ந்து இரண்டாவது முறையாக சூப்பர் பவுல் வென்றது. அடுத்த பருவத்தின் நான்காவது ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அவருடைய இடத்துக்கு வந்த ஒலாண்டிஸ் கேரி என்ற புதியவர் 1,159 கஜம் ஓடினார். அதற்கடுத்த ஆண்டு, புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆறாவது சுற்றில்தான் எடுக்கப்பட்ட மைக் ஆண்டர்சன் 1,487 கஜம் ஓடினார். ஆகவே யார் ஓடினாலும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த மூவருக்கும் முன்னால் வரிசையாக நின்று, எதிரணியினரைத் தடுத்து வழிவிலக்கிக் கொடுத்தவர்களை மட்டும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அலெக்ஸ் கிப்ஸ் என்ற பயிற்சியாளர் பழக்கிய வரிசை அது. எதிரில் நிற்பவரை ஆளுக்கொருவராகத் தள்ளாமல், வரிசை முழுவதும் ஒரே திசையில் பக்கவாட்டில் நகரும். அப்போது எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கே ஓடுபவர் ஒரே ஒரு திருப்பத்தில் புகுந்துவிட வேண்டும். டேவிஸ் விழுந்த பிறகும் வரிசையின் நடுவில் டாம் நேலன் இருந்தார், முறையும் மாறவில்லை. நட்சத்திரத்தை இழந்தும் வரிசையை இழக்காத அணியின் கதையை எடுத்து, எல்லா அணிகளுக்கும் விதியாக எழுதிவிட்டார்கள்.

நேர்மாறான கதை டெட்ராய்ட் லயன்ஸ் அணியுடையது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் மிச்சிகனில் வேலை பார்த்தேன். 1997 நன்றி நவிலல் நாளன்று உடன் பணிபுரிந்தவர்கள் பான்டியாக் நகரின் சில்வர்டோம் அரங்குக்கு என்னை அழைத்துப் போனார்கள். ஆட்ட விதிகளில் பாதி எனக்கு விளங்காத காலம் அது. ஆனால் அன்று சிகாகோ அணிக்கு எதிராக லயன்ஸின் ரன்னிங் பேக் பாரி சாண்டர்ஸ் 167 கஜம் ஓடி, பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்து மூன்று டச் டவுன் போட்டதைப் புரிந்துகொள்ள விதி எதுவும் தேவைப்படவில்லை. நான்கு பேர் சூழ்ந்துவிட்டார்கள், முடிந்தது என்று நினைக்கும் நொடியில் அவர் வேறெங்கோ இருப்பார். கோட்டைக் கடந்ததும் துள்ளமாட்டார், ஆடமாட்டார். பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பார். அந்தப் பருவத்தில் அவர் ஓடியது 2,053 கஜம்.

அந்த மனிதர் 1999 ஜூலையில், தன் சொந்த ஊரான விச்சிட்டாவின் நாளிதழுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி ஓய்வை அறிவித்தார். வயது 31, பெரிய காயம் எதுவும் இல்லை. ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் ஓடிய கஜங்களில் அப்போது முதலிடத்தில் இருந்த வால்டர் பேட்டனின் 16,726 கஜச் சாதனையைத் தொட இன்னும் 1,457 கஜம்தான் பாக்கி. ஊரே அவரை நன்றி கெட்டவர் என்றது. அந்த அணி அதற்கு முன்பே யார் யாரை வெளியேற விட்டிருந்தது என்று எத்தனை பேர் பார்த்தார்கள்? அவருக்காக இடது முனையைக் காத்த லோமஸ் பிரவுன் 1996இல் போனார். வரிசையின் நடுவில் நின்ற, அவருடைய நெருங்கிய நண்பரான கெவின் குளோவர் 1998இல் போனார். நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேற, தோல்விக்கு அணி பழகிப்போனதே தன்னை விலகச் செய்தது என்று சாண்டர்ஸ் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார்.

இங்கேதான் உங்கள் நண்பர்களைப் போன்றவர்கள் ஓர் எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்: சாண்டர்ஸ் இருந்த 1998இல் ஐந்து வெற்றி, இல்லாத 1999இல் எட்டு வெற்றி, கூடவே சாம்பியன் பட்டத்துக்கான அடுத்த கட்ட ஆட்டங்களான பிளேஆஃபுக்குத் தகுதியும். ஆகவே அவரால் அணிக்கு எந்தப் பயனும் இல்லையாம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பருவத்தின் வெற்றித் தோல்வியில் ஆட்ட அட்டவணை, எதிரணிகளின் காயங்கள், கடைசி நிமிட உதைகள் என எத்தனையோ கலந்திருக்கின்றன. அதிலிருந்து ஒரு மனிதரின் மதிப்பை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது. ஒரு பருவம்தான் அளவுகோல் என்றால் அதற்கடுத்த பருவங்களையும் வையுங்கள். அதன் பிறகு 2011 வரை அந்த அணி பிளேஆஃப் பக்கமே போகவில்லை, 2008இல் பதினாறு ஆட்டங்களிலும் தோற்றது. அதற்கெல்லாம் சாண்டர்ஸ் இல்லாததுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் போனதற்கு எது காரணமோ அதுவே அந்தத் தோல்விகளுக்கும் காரணம் என்பேன்.

ஓடிய கஜங்களில் தெரியாத இழப்பும் உண்டு. அணியில் ஒரு சிறந்த ரன்னிங் பேக் இருந்தால், பந்து அவரிடம் போகும் என்ற பயத்தில் எதிரணி தற்காப்பில் கூடுதலாக ஒருவரை முன்னால் நிறுத்தும், அதனால் பின்னால் பந்தை வாங்கும் ஆட்டக்காரருக்கு இடம் கிடைக்கும். ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் குவாட்டர்பேக், அவரிடம் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை செய்தாலே இரண்டு பேர் ஏமாந்து முன்னால் வருவார்கள். அவர் போன பிறகு அந்தப் பாவனையை யாரும் நம்புவதில்லை. அடுத்து வருபவர் எத்தனை கஜம் ஓடினார் என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

உங்கள் ஜயன்ட்ஸ் அணிக்கு வருகிறேன். 2023இல் பார்க்லி உங்களுக்காக 14 ஆட்டங்களில் 962 கஜம் ஓடினார். அந்தப் பருவத்தில் உங்கள் குவாட்டர்பேக்குகள் 85 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார்கள். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். வரலாற்றில் அதைவிட மோசமான பருவம் ஒன்றே ஒன்றுதான். அப்படிப்பட்ட வரிசைக்குப் பின்னால்தான் அவர் ஓடிக்கொண்டிருந்தார். ஃபிலடெல்ஃபியாவிலோ லேன் ஜான்சனும் ஜோர்டன் மைலாட்டாவும் இரு முனைகளில் நின்றார்கள், 2013 முதல் ஒரே வரிசைப் பயிற்சியாளராக ஜெஃப் ஸ்டவுட்லண்ட் இருந்தார். நடுவில் நின்ற ஜேசன் கெல்சி அந்த மார்ச்சில்தான் ஓய்வுபெற்றார். அவருடைய இடத்துக்கு கேம் ஜர்கன்ஸை அவர்கள் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார்கள்.

பார்க்லியை விட்டது தவறுதான். ஆனால் 2024 மார்ச்சில் நடந்ததை மட்டும் நினைத்துப் புலம்புவதில் பயனில்லை. 2018 டிராஃப்டில் இரண்டாவது தேர்வாக அவரை எடுத்த நாளிலிருந்து ஆறு பருவங்கள் அவருக்கு முன்னால் நிலையான ஒரு வரிசையை உங்கள் நிர்வாகத்தால் கட்ட முடியவில்லை. அதைக் கட்டாமல் இன்னொரு பார்க்லியைத் தேடி எடுத்தால், அவரையும் இதே போல இழப்பார்கள்.