தோட்டம் கேள்வி பதில்: செடிக்கு எந்தத் தண்ணி ஊத்துறீங்க?

குரோம்பேட்டை வாசகி: அக்கா, மொட்டை மாடியில செம்பருத்தி, இட்லிப் பூ, ரோஜா எல்லாம் தொட்டியில வெச்சிருக்கேன். கொஞ்ச நாளா இலை நுனி கருகுது, மொட்டு விரியாமலே கொட்டுது. தண்ணி வீணாகக் கூடாதுன்னு ஆர்ஓ மெஷின்ல வெளிய வர்ற தண்ணியத்தான் ஊத்துறேன். உரம் பத்தலையா?

உரம் இல்லமா, அந்தத் தண்ணிதான். மெஷின் நல்ல தண்ணிய ஒரு பக்கம் எடுத்துட்டு உப்பையெல்லாம் இன்னொரு குழாய்ல தள்ளுது, சென்னையில பல ஏரியால போர் தண்ணியே உப்பு, அது இன்னும் உப்பு கூடி உங்க செடிக்கு வருது. தரையில இருக்குற செடின்னா ஒரு நல்ல மழையில உப்பு கீழ இறங்கிடும், தொட்டியில எங்க போகும்? தண்ணி ஆவியாகிப் போயிடும், உப்பு மட்டும் மண்ணுலயே தங்கிடும். கிட்ட போய் பாருங்க, தொட்டி ஓரத்துல வெள்ளையா படிஞ்சிருக்கும், மண் தொட்டின்னா வெளிப்பக்கம் கூட பூத்திருக்கும்.

முதல்ல கெமிக்கல் உரம் போடுறீங்கன்னா நிறுத்துங்க, அதுவும் உப்புதான். மேல் மண்ண ஒரு இன்ச் சுரண்டி எடுத்துட்டு, மழைத் தண்ணியோ மெட்ரோ தண்ணியோ, தொட்டி எவ்ளோ கொள்ளுமோ அதுல ரெண்டு மடங்கு, மெதுவா ஊத்துங்க, அடி ஓட்டை வழியா நல்லா ஓடட்டும். ஏசில சொட்டுற தண்ணியும் பக்கெட்ல பிடிச்சு ஊத்தலாம், அதுல உப்பு கிட்டத்தட்ட கிடையாது, ஆனா சத்தும் கிடையாது, அதனால செடி தேறினதும் மாசம் ஒரு பிடி மண்புழு உரம் போடுங்க. ஆர்ஓ தண்ணி வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு இருக்கட்டும்.

இட்லிப் பூவ மட்டும் தனியா கவனிங்க. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா மண்ணு காரமாயிடுச்சு, இரும்புச் சத்து மண்ணுல இருந்தாலும் வேரால இழுக்க முடியலன்னு அர்த்தம். அதுக்கு லேசா புளிப்பான மண்ணுதான் பிடிக்கும், இலை மக்கு நிறைய கலந்து விடுங்க. கருகின நுனி மறுபடி பச்சையாகாது, புதுத் துளிர் எப்படி வருதுன்னு பார்த்துதான் செடி தேறுதான்னு சொல்லணும்.

மயிலாப்பூர் வாசகர்: செம்பருத்தி கொழுந்து எல்லாம் வெள்ளையா ஒட்டிக்கிட்டு சுருண்டு போகுது மேடம். செடியையே எடுத்துடலாமா?

எடுக்காதீங்க சார், அது மாவுப்பூச்சி. சுருண்ட கொழுந்த வெட்டி சோப்புத் தண்ணி பக்கெட்ல போட்டு மூழ்க வைங்க, குப்பையில அப்படியே போட்டா பக்கத்துச் செடிக்கு ஏறிடும். ஹோஸ்ல வேகமா அடிச்சு இலைக்கு அடிப்பக்கம் கழுவிட்டு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிங்க, வாரம் ஒரு தடவ, பூச்சி நிக்கிற வரைக்கும். தண்டுல எறும்பு ஏறுதா பாருங்க, பூச்சி விடுற இனிப்புக்காக எறும்பு அத காவல் காக்கும், எறும்ப தடுக்காம மருந்து அடிச்சு பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையா, ஆனா அதவிட பெருசா, சுறுசுறுப்பா ஓடுற புழு ஒண்ணு இருந்தா தயவுசெஞ்சு நசுக்காதீங்க. அது மாவுப்பூச்சிய தின்னுற ஒரு வண்டோட குஞ்சு, உங்க வேலைய அது பார்க்குது. அப்படி இருந்தா மருந்தையும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க.

மடிப்பாக்கம் வாசகி: பெரிய தொட்டி வாங்கி காகிதப் பூ வெச்சு தினம் தண்ணி ஊத்துறேன், இலைதான் வருது, பூவே காணோம்.

ரொம்ப செல்லம் குடுக்குறீங்கமா. அதுக்கு தொட்டி வேரால இறுகியிருக்கணும், குறைஞ்சது 6 மணி நேரம் நேரடி வெயில் வேணும், இலை லேசா தொங்கினதுக்கு அப்புறம் தண்ணி விட்டா போதும். யூரியா, சாணம்னு போட்டுக்கிட்டே இருந்தா இலையாத்தான் தள்ளும். புதுசா வர்ற கிளை நுனியிலதான் பூக்கும், அதனால ஒவ்வொரு தடவ பூத்து முடிஞ்சதும் நுனிய வெட்டி விடுங்க. நாம பூன்னு பார்க்குற அந்த ரோஸ் கலர் உண்மையில இலைதான், நடுவுல சின்னதா வெள்ளையா ஒரு குழாய் நீட்டிட்டு இருக்கும் பாருங்க, அதுதான் பூ!

வில்லிவாக்கம் வாசகி: குண்டு மல்லிய எப்போ வெட்டணும் அக்கா? மொட்டு ஊதா கலராகி உதிருதே, அது ஏன்?

நவம்பர் கடைசியில இருந்து டிசம்பருக்குள்ள, மழை விட்ட ஒரு நாள் பார்த்து, தரையில இருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்க, காஞ்ச குச்சி, நோஞ்சான் கிளை எல்லாம் எடுத்துட்டு மக்கின சாணம் போடுங்க. மார்ச்ல இருந்து மொட்டு கட்டும். பயப்படாம வெட்டுங்க, வெட்டாத மல்லி கொடியா நீளுமே தவிர அவ்வளவா பூக்காது. ஊதா மொட்டுல சின்ன ஓட்டை இருந்தா மொட்டுப்புழு, தினம் அத கிள்ளி அழிச்சுடுங்க, மேல சொன்ன வேப்பெண்ணெய் இதுக்கும் உதவும்.

அண்ணா நகர் வாசகர்: தொட்டிக்கு அடியில தட்டு வெச்சா கொசு வருமா?

கண்டிப்பா வரும் தம்பி, டெங்கு கொசுவுக்கு அந்தத் தட்டுத் தண்ணியே போதும், முட்டை போட்டு 8, 10 நாள்ல கொசுவாகிப் பறந்துடும். தண்ணிய கொட்டினா மட்டும் பத்தாது, முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாம கிடக்கும், வாரம் ஒரு தடவ பிரஷ் போட்டு தேய்ச்சுக் கழுவணும். மாடியில தட்டே வேணாம், ரெண்டு செங்கல் மேல தொட்டிய தூக்கி வைங்க, அடி ஓட்டையும் அடைக்காம இருக்கும்.