மன்றோ சிலையா, மாவுச் சிலையா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் ஒரு பழைய தொட்டிக்கட்டு வீட்டின் புத்தக அறையில், ஒன்றரை அடி உயர வெள்ளை மார்பளவுச் சிலை இருக்கிறது. வெள்ளையர் காலத்துச் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, இத்தாலிப் பளிங்கு என்கிறார்கள். வரும் ஞாயிறு ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். எதைக் கவனிப்பது? ஆயுத பூஜைக்கு முன் அதைக் கழுவலாமா என்றும் கேட்கிறார்கள்.

வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

முகத்தைக் கடைசியில் பாருங்கள், முதலில் முதுகு. பளிங்கு மார்பளவுச் சிலைகளின் பின்பக்கத்தைப் பெரும்பாலும் குடைந்து, நடுவில் ஒரு முட்டுத் தண்டு விட்டிருப்பார்கள். அங்கே மெருகு இருக்காது, உளித் தடம் தெரியும். சிற்பியின் பெயரும் ஆண்டும் பொறித்திருந்தால் அதே இடத்தில் அல்லது தோளின் வெட்டு விளிம்பில் இருக்கும். பிளாஸ்டர் மாவைக் கரைத்து அச்சில் ஊற்றிய வார்ப்பென்றால் உள்ளே சாக்குத் துணியோ இரும்புக் கம்பியோ தட்டுப்படும். கம்பி துருப்பிடித்த இடத்தில் மஞ்சள் கறை வெளியே வரும். காதுக்குப் பின்னால், கழுத்தோரம் மெல்லிய கோடு ஓடினால் அது அச்சுத் துண்டுகள் சேர்ந்த தடம். பளிங்கில் அது வராது.

ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். காலை பத்து மணிக்குச் சன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழட்டும். செல்போன் டார்ச்சைக் கன்னத்தை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் உளி, அரம், ஒட்டுவேலை எல்லாம் நிழலாக எழும். டார்ச்சைக் காது மடலுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். நல்ல பளிங்கு ஓரத்தில் ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும், பிளாஸ்டர் விடாது. நகத்தால் கீறிப் பார்ப்பது பழைய வழி. பிளாஸ்டரில் கீறல் விழும் என்பதாலேயே அதைச் செய்யக் கூடாது.

படம் எடுக்கும்போது கிட்டே போனால் மூக்கு பெரிதாகிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று ஜூம் பண்ணுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். சுற்றி எட்டுப் படம் போதும், ஒன்றில் அடிக்கோல் பக்கத்தில் இருக்கட்டும். சிலையைத் தூக்கவே கூடாது. மார்பும் பீடமும் பெரும்பாலும் தனித்தனித் துண்டுகள், நடுவில் ஒரு கம்பி மட்டும். தோளைப் பிடித்துத் தூக்கினால் பீடம் கழன்று காலில் விழலாம்.

மன்றோ என்பதை உடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அக்காலச் சிற்பிகள் ஐரோப்பியரை ரோமானியப் போர்வையிலும் செதுக்கினார்கள். 1792 முதல் 1799 வரை பாராமகாலில் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) வேலை பார்த்தவர் என்பதால் நம் பக்கத்தில் மன்றோ பெயர் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அவர் 1827-இல் இறந்தார். சென்னைத் தீவுத்திடலில் ஆங்கிலச் சிற்பி சான்ட்ரி செய்த குதிரைச் சிலை வந்தது 1839-இல், அதுவும் வெண்கலம். பெயரும் ஆண்டும் பொறித்திராவிட்டால் வீட்டுக்காரரிடம் பழைய ரசீது, கடிதம், கல்யாணப் போட்டோவில் சிலை நிற்கும் இடம் என்று கேளுங்கள்.

கழுவவே வேண்டாம். பிளாஸ்டர் தண்ணீரில் கொஞ்சமாவது கரையும், ஈரத்துணி அழுக்கை உள்ளே இழுத்துவிடும். பித்தளைக்குப் போடும் பழக்கத்தில் புளி, எலுமிச்சை போட்டால் பளிங்கின் மெருகே அரித்துப் போகும். ஆடிக் காற்றுத் தூசியும் பஞ்சும் போக, மென்மையான உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழே தட்டினால் போதும். சந்தனம், குங்குமம் நெற்றியில் வைத்தால் கறை உள்ளே இறங்கிவிடும். பொட்டை மேசைக் காலுக்கு வைக்கச் சொல்லுங்கள்.