ஜெர்மானியத் தத்துவவாதி ஹைடெக்கர் நாஜி என்பதால் அவருடைய தத்துவமும் செல்லாததாகிவிடுமா?

எல்லாத் தத்துவவாதிகளுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஜெர்மானியத் தருக்கவியலாளர் ஃப்ரெகேயை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 1924 நாட்குறிப்பில் யூத வெறுப்பு அப்பட்டமாக இருக்கிறது. ஆனால் 1879-இல் அவர் வெளியிட்ட தருக்க முறையில் அது நுழைய இடமே இல்லை.

ஹைடெக்கர் விஷயம் வேறு. 1933-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக ரெக்டர், அதாவது தலைவர், ஆனார், நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். 1945 வரை உறுப்பினர். அவர் தத்துவக் குறிப்புகள் எழுதிவைத்து, 2014 முதல் வெளிவந்த 'கறுப்புக் குறிப்பேடுகள்' இன்னும் மோசம். வேரற்ற தன்மை, கணக்குப் பார்க்கும் புத்தி என்று நவீன உலகின் மேல் அவர் சுமத்திய குற்றங்களையே யூதர்கள் மேலும் சுமத்துகிறார். வெறுப்பு அவருடைய தத்துவச் சொற்களிலேயே பேசுகிறது.

அவரை ஒதுக்கச் சொல்லவில்லை. அவரிடம் படித்த யூதரான ஹன்னா அரெண்ட்டே ஒதுக்கிவிடவில்லை. ஆனால் 1927-இல் வந்த ஹைடெக்கரின் 'இருத்தலும் காலமும்' நூலின் 74-ஆம் பிரிவில் 'மக்கள்', 'விதி' பற்றி அவர் எழுதியதை இந்த வரலாற்றை மறைத்துவிட்டுக் கற்பிப்பது நேர்மையாகாது.