நாய்களிடம் கொள்ளும் அன்பு பிறவியிலேயே அமைவதா, குடும்பத்தில் கற்றுக்கொள்வதா?

நாய்களை நேசிக்கும் மனம் சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறதா, அல்லது வீட்டாரைப் பார்த்து வளர்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் கலந்ததுதான் என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் எது எந்த அளவுக்கு, எந்த வயதில், எந்த வழியில் என்று பிரித்துப் பார்ப்பதற்கு இன்று ஓரளவு சான்றுகள் கிடைத்திருக்கின்றன என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் முடிவை முன்னதாகக் கூறிவிடுகிறேன். நாயைக் கண்டதும் அதன் பக்கம் சாயும் மனம் பெருமளவு உடன்பிறந்தது. அந்தச் சாய்வுக்குக் குறுக்கே வந்து நிற்கும் அச்சமும், நாயின் முகத்தையும் உடலசைவையும் புரிந்துகொள்ளும் தேர்ச்சியும் பெருமளவு வீட்டிலும் சுற்றத்திலும் கற்றுக்கொள்ளப்படுபவை. நாயன்பு என்று நாம் சொல்வது இவை மூன்றும் சேர்ந்த ஒன்று.

வீட்டு அனுபவத்தை மட்டும் வைத்து இதற்கு விடை காண இயலாது. பிரிட்டனைச் சேர்ந்த விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜேம்ஸ் செர்பெல் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் வளர்ப்பு விலங்குகளோடு இருந்தவர்களே பெரியவர்களான பின்னும் அவற்றை வளர்க்க முனைகிறார்கள் என்றும், பெரும்பாலும் சிறுவயதில் பழகிய அதே விலங்கையே நாடுகிறார்கள் என்றும் கண்டார். இதைப் படித்ததும் அன்பு கற்றுக்கொள்ளப்படுவதுதான் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் பெற்றோர் பிள்ளைக்கு வீட்டையும் தருகிறார்கள், மரபணுவையும் தருகிறார்கள். நாயை நேசிக்கும் தாய்க்குப் பிறந்த மகள் தானும் நாயை நேசித்தால், அது தாயைப் பார்த்து வந்ததா, தாயிடமிருந்து இரத்தத்தில் வந்ததா என்பதை அந்த ஒரு குடும்பத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இரட்டையர் ஆய்வுகள் உதவுகின்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டவர்கள். இரு கருவிலிருந்து வந்த இரட்டையர், மற்ற உடன்பிறப்புகளைப் போலவே, தம்முள் வேறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்கிறார்கள். ஆகவே ஒரு குணத்தில் முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட ஒருவரையொருவர் மிகுதியாக ஒத்திருந்தால், அந்த மிகுதிக்கு மரபணு காரணம் என்று கொள்ளலாம். நாய் வளர்ப்பைப் பொறுத்தவரை இப்படிப்பட்ட பெரிய ஆய்வொன்றை ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோவ் ஃபால் தலைமையிலான குழு 2019-ல் வெளியிட்டது. அந்த நாட்டில் 2001 முதல் ஒவ்வொரு நாயும் அரசுப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரோடு பதிவு செய்யப்பட வேண்டும். நாடு தழுவிய இரட்டையர் பதிவேடும் அங்கே உண்டு. இரண்டையும் இணைத்ததால், யாரிடமும் போய் ‘உங்களுக்கு நாய் பிடிக்குமா’ என்று கேட்காமலேயே, 1926 முதல் 1996 வரை பிறந்த 35,035 இணை இரட்டையரில் யார் யார் நாய் வளர்த்தார்கள் என்பதை அறிய முடிந்தது. நாய் வளர்ப்பதில் மனிதரிடையே காணப்படும் வேறுபாட்டில், பெண்களிடம் 57 விழுக்காடும் ஆண்களிடம் 51 விழுக்காடும் மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்பது அவர்கள் கண்ட முடிவு.

அந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொரு செய்தி. இரட்டையர் இருவருக்கும் பொதுவான வளர்ப்புச் சூழலின் தாக்கம், அதாவது நாம் ‘குடும்பப் பழக்கம்’ என்று சொல்வதன் தாக்கம், முதிர்வயதின் தொடக்கத்தில் மட்டுமே கண்டறியக்கூடிய அளவில் இருந்தது. வீட்டை விட்டு வெளியேறிய புதிதில் பெற்றோர் வீட்டின் வழக்கம் ஒருவரைப் பின்தொடர்கிறது. சொந்த வருமானமும் சொந்த வீடும் சொந்த விருப்பமும் அமைந்த பிறகு அவரவர் இயல்பு மேலெழுகிறது. வேறு பல குணங்களிலும் வயது ஏற ஏற மரபின் பங்கு கூடுவதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள் என்பதால் இதில் வியப்பு இல்லை. ஆயினும் நாயே இல்லாத வீட்டில் வளர்ந்தும் பிற்காலத்தில் நாயின்றி வாழ முடியாதவர்களாக மாறிய சிலரை அறிந்திருக்கும் எனக்கு, இது அவர்களுடைய வாழ்க்கைக்குக் கிடைத்த விளக்கமாகவே தோன்றியது.

57 விழுக்காடு என்ற எண்ணைத் தவறாகப் படித்துவிடக் கூடாது. உங்கள் அன்பில் பாதிக்கு மேல் மரபணுவிலிருந்து வந்தது என்பது அதன் பொருளன்று. ஒரு மக்கள் கூட்டத்தில், ஒரு காலத்தில், ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பகுதி மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. நாய் வளர்க்க எல்லோருக்கும் வசதியும் இடமும் இருக்கும் சமூகத்தில் இந்த எண் உயரலாம். அந்த வாய்ப்பு ஒரு சிலருக்கே அமையும் சமூகத்தில் தாழலாம். ‘நாயன்பு மரபணு’ என்று தனியே ஒன்றை அந்த ஆய்வு சுட்டிக்காட்டவும் இல்லை. மேலும், நாய் வைத்திருப்பது வேறு, நாயை நேசிப்பது வேறு. பிள்ளைகளின் பிடிவாதத்துக்காக நாய் வாங்கியவர்களும் உண்டு. நேசம் இருந்தும் வேலையின் காரணமாக வளர்க்க இயலாமல் ஏங்குபவர்களும் உண்டு. அதனால் 2012-ல் அமெரிக்காவில் நடுவயது ஆண் இரட்டையரிடம் நடத்தப்பட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. வளர்ப்பு விலங்கோடு எவ்வளவு அடிக்கடி விளையாடுகிறார்கள் என்பதையே அது கேட்டது. மரபின் பங்கு அதில் 37 விழுக்காடு வரை வந்தது. ஒரே வீட்டில் வளர்ந்ததன் பங்கு 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. எஞ்சிய பெரும்பகுதி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வாய்த்த அனுபவங்களுக்கு உரியது. எந்த நாயைச் சந்தித்தோம், அது நம்மிடம் எப்படி நடந்துகொண்டது என்பவை எல்லாம் அந்தப் பகுதிக்குள் அடங்கும்.

இப்படி ஒரு சாய்வு மனிதருக்குள் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டால், காலத்தைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காசலில் 1914-ல் கண்டெடுக்கப்பட்ட கல்லறையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நாய்க்குட்டியொன்றோடு புதைக்கப்பட்டிருந்தனர். அதன் வயது ஏறத்தாழ 14,000 ஆண்டுகள். பிற்காலத்தில் அந்தக் குட்டியின் பற்களை ஆராய்ந்தவர்கள், அது டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயால் வாரக்கணக்கில் துன்புற்றிருக்க வேண்டும் என்றும், மனிதர் அருகிலிருந்து கவனித்திராவிட்டால் அவ்வளவு நாள் உயிரோடு இருந்திருக்காது என்றும் கருதுகிறார்கள். நோயுற்ற குட்டி வேட்டைக்கும் பயன்படாது, காவலுக்கும் பயன்படாது. வேளாண்மையே தோன்றாத காலத்தில், எந்தப் பயனையும் எதிர்பார்க்க முடியாத ஓர் உயிரைச் சிலர் தண்ணீர் கொடுத்து, சூடேற்றி, துடைத்துக் காத்திருக்கிறார்கள் என்று எண்ணும்போது நான் நெகிழ்ந்துபோகிறேன். உருண்ட தலை, பெரிய கண்கள், குறுகிய முகம் ஆகியவை நம்மிடம் பேணும் உணர்வைத் தூண்டுகின்றன என்று கொன்ராட் லோரன்ஸ் 1943-ல் எழுதினார். மனிதக் குழந்தைக்காக அமைந்த அந்த உணர்வு நாய்க்குட்டியையும் அணைத்துக்கொள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட சோதனையில், நாயும் அதை வளர்ப்பவரும் நெடுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் பங்கு வகிக்கும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு இருவர் உடலிலும் உயர்ந்தது. மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களிடம் அது நிகழவில்லை.

இனி கற்றுக்கொள்ளும் பகுதிக்கு வருகிறேன். குடும்பத்தின் கை மிக வலுவாக இருப்பது அச்சத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்க உளவியலாளர் சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் 1980-களில் ஆய்வகத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகளை வைத்துச் சோதனைகள் செய்தனர். அந்தக் குரங்குகளுக்குப் பாம்பைப் பற்றிய அச்சம் தொடக்கத்தில் இல்லை. பாம்பைக் கண்டு நடுங்கும் வேறொரு குரங்கைப் பார்த்த சிறிது நேரத்திலேயே அவையும் அஞ்சத் தொடங்கின. பூவைக் கண்டு ஒரு குரங்கு நடுங்குவதுபோல் அமைக்கப்பட்ட காட்சியைக் காட்டியபோதோ, அவை பூவுக்கு அஞ்சக் கற்றுக்கொள்ளவில்லை. சிலவற்றுக்கு அஞ்சுவதற்கான ஆயத்தம் பிறவியில் இருக்கிறது. அதை விழிக்கச் செய்வது இன்னொருவரின் முகம். பல்லும் நகமும் கொண்டு திடீரென ஓடிவரும் விலங்கின் முன்னிலையில் மனிதக் குழந்தைக்கும் அப்படித்தான் நேர்கிறது என்று நினைக்கிறேன். கடிபடுவதுதான் அச்சத்துக்குக் காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் 1988-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாய்க்கு அஞ்சுவோரும் அஞ்சாதோரும் நாயால் துன்புற்ற அனுபவங்களைப் பெரிய வேறுபாடின்றிக் கூறினார்கள். அஞ்சுவோரைத் தனித்துக் காட்டியது, நாய் அருகில் வந்தால் தீங்கு நேரும் என்ற எதிர்பார்ப்பே. அந்த எதிர்பார்ப்பை ஒரு குழந்தை பெரும்பாலும் தன் கையைப் பிடித்திருக்கும் பெரியவரிடமிருந்தே பெறுகிறது.

எங்கள் வீட்டில் இதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். அம்மாவுக்கு நாய் என்றாலே நடுக்கம். தூரத்தில் ஒன்று தென்பட்டாலே எங்கள் இருவர் கைகளையும் இறுகப் பற்றிக்கொள்வார். அண்ணன் அந்த அச்சத்தை அப்படியே வாங்கிக்கொண்டார். எனக்கும் அது ஓரளவு தொற்றியது, ஆயினும் பார்வையை என்னால் விலக்க முடியவில்லை. நாய் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்த பிள்ளை நான். வளர்ந்த பிறகு நான் நாய் வளர்க்கத் தொடங்கியதும், என் வீட்டுக்கு வந்துபோன அண்ணனுக்கு அச்சம் மெல்ல மெல்லத் தெளிந்தது. இன்று என் நாய் அவர் காலடியில் படுத்துக்கொண்டாலும் அவர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதற்கு மேல் எதுவும் அவருக்குள் எழவில்லை. அதை அழைக்க வேண்டும், தடவ வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை. ஒரே வீட்டில், ஒரே தாயின் கையைப் பிடித்து வளர்ந்த இருவரில் அச்சம் இருவரையும் விட்டுப் போனது. அன்பு ஒருவரிடம் மட்டும் இருந்தது. அச்சத்தை நீக்குவதும் அன்பை உண்டாக்குவதும் வேறு வேறு என்று நான் கருதுவதற்கு இதுவே அடிப்படை. ஒரு குடும்பத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று மேலே நானே சொன்னது இதற்கும் பொருந்தும். இரட்டையர் ஆய்வுகள் சொல்வதோடு இது இசைந்துபோகிறது என்பதை மட்டுமே கூறுகிறேன்.

சுற்றம் தரும் இன்னொன்று, நாயைப் படிக்கத் தெரிவது. ஃபெடெரிகா அமிச்சியும் அவருடைய குழுவினரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நாய், சிம்பன்சி, மனிதர் ஆகியோரின் முகப் படங்களைச் சிறுவரிடமும் பெரியவரிடமும் காட்டி, அந்த முகங்களில் தெரிவது என்ன உணர்ச்சி என்று கேட்டார்கள். நாயின் சினத்தையும் மகிழ்ச்சியையும் சிறுவயதிலேயே, அனுபவம் இல்லாமலும் ஓரளவு அடையாளம் காண முடிகிறது. அதற்கு மேலான தேர்ச்சி அனுபவத்தால் வருகிறது. பெரியவர்களிடையே அந்தத் தேர்ச்சி, நாய்களை விரும்பி ஏற்கும் சமூகத்தில் வளர்ந்தவர்களுக்கே மிகுதியாக இருந்தது. ஆகவே நாயே இல்லாத வீட்டிலும், நாயைக் குறித்து எப்படிப் பேசுகிறார்கள், தெருவில் அதைக் கண்டால் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதிலிருந்து குழந்தை கற்றுக்கொண்டே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதே கேள்வியை நாயின் பக்கத்திலிருந்தும் கேட்கலாம். அங்கே விடை இன்னும் தெளிவாக இருக்கிறது. மனிதரை நாடும் இயல்பு நாயின் மரபணுவிலேயே இருக்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. மனிதரில் அளவு கடந்த நட்புணர்வோடு தொடர்புடைய வில்லியம்ஸ் நோய்க்குறி என்னும் நிலைக்குக் காரணமான மரபணுப் பகுதியில், நாய்களின் கூடிப்பழகும் இயல்போடு தொடர்புடைய மாற்றங்கள் இருப்பதாக 2017-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனாலும் அந்த இயல்பு தானாக மலர்ந்துவிடுவதில்லை. 1961-ல் வெளியான ஒரு சோதனையில், 14 வாரங்கள் வரை மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்க்கப்பட்ட குட்டிகள் மனிதரை நெருங்க விடாமல் காட்டு விலங்குகளைப் போல் ஒதுங்கின. இடையில் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழக விடப்பட்ட குட்டிகளோ, குறிப்பாக ஏழாவது வாரத்தை ஒட்டிப் பழகியவை, இணக்கமாக வளர்ந்தன. பிறவியில் கிடைத்த ஆயத்தத்துக்கும் ஒரு பருவம் உண்டு, அந்தப் பருவத்தில் ஒரு கை நீள வேண்டும். மனிதக் குழந்தைக்கு இவ்வளவு குறுகிய பருவம் இருப்பதாக நான் கருதவில்லை. என் அண்ணனைப் போல் முதிர்ந்த வயதில் அச்சம் தெளிந்தவர்களும் உண்டு.

நீங்கள் பெற்றோராக இருந்து, பிள்ளையை மனத்தில் வைத்து இதைக் கேட்டிருந்தால், ஒரு குழந்தையை நாயை நேசிக்க வைப்பது உங்கள் கையில் இருக்கிறது என்று என்னால் சொல்ல இயலாது. அஞ்சாமல் இருக்கவும், நாயைப் படிக்கவும் கற்றுக்கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. நாயைக் கண்டதும் பிடியை இறுக்காதீர்கள். வளர்ப்பவரிடம் அனுமதி கேட்டபின், நாயே முன்வந்து முகர்ந்து பார்க்கும்வரை குழந்தையோடு அசையாமல் நில்லுங்கள். தலைக்கு மேலாகக் கையை நீட்டாமல் மார்பையோ தோளையோ தடவச் சொல்லுங்கள். உடலை விறைத்துக்கொண்டாலோ முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அது போதும் என்று சொல்கிறது என்பதை அப்போதே காட்டிக்கொடுங்கள். சிறு குழந்தையை எந்த நாயோடும் தனியே விடாதீர்கள். இவ்வளவும் செய்த பிறகும் குழந்தை ஆர்வம் காட்டாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அதற்கு வேறு ஏதோ ஒன்றின் மேல் சாய்வு இருக்கும்.