கோவை குண்டுவெடிப்பும் உபா சட்டமும் – கடிதம்

வணக்கம்ங்க ஐயா,

உபா (யு.ஏ.பி.ஏ.) என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் பெயில் பிரிவைத் திருத்த வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1998-இல் ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் மாமாவுக்கு ஒரு கால் போய்விட்டது. அன்றைக்குச் செத்த 58 பேருக்கு உரிமை கிடையாதா? கடுமையான சட்டம் அப்போதே இருந்திருந்தால் அது நடந்திருக்குமா? இப்படிப்பட்டவர்களுக்கு பெயில் கொடுத்தால் ஓடிப்போக மாட்டார்களா? நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே?

ஆர்., சாயிபாபா காலனி

அன்புள்ள ஆர்.,

உங்கள் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த 58 பேரின் உயிரைக் காத்திருக்க வேண்டியது அரசின் முதல் கடமை. இதில் உங்களுக்கும் எனக்கும் பேதமே இல்லை.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் வேறு. 1993-இல் தடா என்ற கடுமையான பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் அமலில் இருக்கும்போதுதான் மும்பையில் குண்டுகள் வெடித்து 257 பேர் இறந்தார்கள். குண்டை முன்கூட்டியே கண்டுபிடிப்பது உளவு வேலை. பெயில் பிரிவு அதைச் செய்யாது. இன்னொன்றும் பாருங்கள். தடா 1995 மே மாதம் காலாவதியாகிவிட்டது, அதே மாதிரியான பொடா சட்டம் வந்தது 2002-இல். கோவை வழக்கு நடந்தது இந்தியத் தண்டனைச் சட்டம், வெடிபொருள் சட்டம் போன்ற வழக்கமான சட்டங்களை வைத்துத்தான். 2007-இல் 166 பேரில் 158 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. தண்டிக்கச் சட்டம் போதாமல் போகவில்லை.

போதாமல் போனது வேகம். தீர்ப்பு வர ஒன்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதே வழக்கில் விடுதலையான கேரள அரசியல்வாதி மதானி அத்தனை காலமும் சிறையில்தான் இருந்தார். (அவர்மீது பின்னால் வந்த பெங்களூரு குண்டுவெடிப்பு வழக்கு தனி.) உங்கள் மாமாவும் அத்தனை வருடம் தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்தானே?

நம் பக்கத்துத் தாளவாடி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். வீரப்பனைத் தேடிய காலத்தில், 90-களின் முதல் பாதியில், எல்லையோர ஊர்களில் பிடித்த ஆட்களை, பெண்களையும் சேர்த்து, தடாவில் மைசூர் சிறையில் அடைத்தார்கள். 2000-இல் தொட்டகாஜனூரிலிருந்து நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன், அவர்களை விடச் சொன்னான். கர்நாடக அரசு தடா வழக்கைக் கைவிடச் சம்மதித்தது. வீரப்பன் ஆட்களால் கொல்லப்பட்ட போலீஸ் அதிகாரி ஒருவரின் தந்தை உச்ச நீதிமன்றம் போய் அதைத் தடுத்தார். அவர் செய்தது சரி. துப்பாக்கிக்குப் பயந்து வழக்கை வாபஸ் வாங்கக் கூடாது. ஆனால் 2001-இல் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது நூறு பேருக்கு மேல் விடுதலை. அதற்குள் வருடக்கணக்கில் அவர்கள் சிறையில் கிடந்தாயிற்று. நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த வருடங்களை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

இப்போது உபாவுக்கு வருவோம். 2022 தீபாவளிக்கு முந்தின நாள் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்ததே, அது மாதிரி வழக்கில் போன், பணம், வெடிமருந்து எல்லாவற்றையும் ஆராய நாள் பிடிக்கும். குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை தருவதை நான் ஏற்கிறேன். எனக்கு ஒப்பாதது உபாவின் பெயில் பிரிவான 43டி(5). போலீஸ் தரப்புக் காகிதங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே பெயில் கூடாது என்கிறது அது. அதற்குக் கால வரம்பு இல்லை. என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) சட்டமோ, சிறப்பு நீதிமன்றம் வேலை நாள்தோறும் விசாரிக்க வேண்டும் என்கிறது. அது நடந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நான் கேட்பது இதுதான்: இரண்டு வருடத்தில் விசாரணை முடியவில்லை என்றால், தாமதம் கைதியால் வராதபோது, அந்தத் தடை தானாக விலகட்டும். அப்புறம், தடாவும் பொடாவும் காலக்கெடுவோடு வந்தவை. நீட்டிக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தைக் கேட்டாக வேண்டும். உபாவுக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. வைக்க வேண்டும்.

ஓடிப்போக மாட்டார்களா என்று கேட்டீர்கள். 2021-இல் நஜீப் என்பவரின் உபா வழக்கில், ஐந்து வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தவருக்கு, இன்னும் 276 சாட்சிகள் பாக்கி என்பதையும் பார்த்து உச்ச நீதிமன்றம் பெயிலை உறுதி செய்தது, நிபந்தனைகளோடு. பாஸ்போர்ட்டை வாங்கி வைக்கலாம், ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லலாம், ஊரைத் தாண்டாமல் கட்டலாம். மீறினால் பெயிலை ரத்து செய்து மறுபடி உள்ளே தள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறதுங்க.