வல்லாரையும் கிளினிக் கொப்பியும்

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்கா,

நான் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பண்டாரவளையில் துணிக்கடையில் வேலை. டித்வா புயலுக்குப் பிறகு இராத்திரி தகரத்தில் மழை விழுந்தாலே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை வேர்க்கிறது, விடியும்வரை தூக்கம் வருவதில்லை. லயத்துக்கு மேலே மண்ணும் கொஞ்சம் வெடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டினேன். மனநல கிளினிக்கிற்கு அனுப்பி, செர்ட்ரலின் மாத்திரை தந்தார்கள். இரண்டு மாதம் குடித்ததில் கொஞ்சம் குறைந்தது. அம்மாவைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. கடையில் கூட வேலை செய்யும் பிள்ளை, "மாத்திரை வேண்டாம், அமுக்கரா (அஸ்வகந்தா) கேப்சூல் குடி, பக்கவிளைவே இல்லை" என்று பேஸ்புக்கில் ஒரு போத்தல் எடுத்துத் தந்தாள். மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் குடித்தேன். நாலு நாளில் தலைசுற்று, குமட்டல், படபடப்பும் கூடிவிட்டது. அம்மா வல்லாரை அரைத்துத் தருகிறார். மூலிகையை நம்பலாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் செய்ய வேண்டியது: கேப்சூலை இப்போதைக்கு நிறுத்துங்கள். அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிறுத்திய மாத்திரையை நீங்களாகவே இரண்டு மடங்காகப் போட்டுவிடாதீர்கள். செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் தலைசுற்று, குமட்டல், பதற்றம், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல ஒரு வெட்டு எல்லாம் சில நாட்களிலேயே வரலாம். பலர் இதை, நோய் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். மருத்துவர் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும். மாத்திரையை விடுவதென்றால்கூட அவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் விட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது "அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது" என்ற வரி. நம் தோட்டங்களில் பிரஷர் கிளினிக்கிற்கும் சீனி வருத்தக் கிளினிக்கிற்கும் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறுவோம். மனநல கிளினிக் கொப்பி மட்டும் பைக்குள் சேலைக்கு அடியில் போகும். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அங்கே ஒரு பிள்ளை அந்தக் கிளினிக்கிற்குப் போகிறாள் என்று தெரிந்தால், "பைத்தியமா?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது கல்யாணப் பேச்சு. மூலிகைக்கு இந்தக் கேள்வி எதுவும் இல்லை. போத்தலை அடுப்படித் தட்டில் எல்லாரும் பார்க்க வைக்கலாம். நம்மில் எத்தனையோ பேர் மாத்திரையை விட்டு மூலிகைக்குப் போவது மூலிகையின் குணத்தைத் தெரிந்துகொண்டு அல்ல, இந்த வெட்கத்தால்தான். நீங்களும் அப்படித்தானா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மாத்திரையில் குறைந்துகொண்டு வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

"பக்கவிளைவே இல்லை" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சர்ப்பகந்தாவும் மூலிகைதான், சிங்களத்தில் ஏகவேரிய என்பார்கள். பதற்றத்துக்கும் பித்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த வேர் அது. 1952 இல் அதிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்து, இரத்த அழுத்தத்துக்கும் கடுமையான மனநோய்க்கும் உலகமெங்கும் கொடுத்தார்கள். குடித்தவர்களில் சிலருக்கு மனச்சோர்வு பிடித்ததையும் மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். வேலை செய்கிற எந்தப் பொருளுக்கும் வேண்டாத வேலையும் உண்டு.

அமுக்கராவும் அப்படித்தான். பதற்றத்தையும் தூக்கத்தையும் ஓரளவு சீராக்குகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், இரண்டு மூன்று மாதம் மட்டும் பார்த்தவை. சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு சுரப்பைக் கூட்டலாம். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். டென்மார்க் 2023 இல் அதைத் தடையே செய்துவிட்டது. இதெல்லாம் கேப்சூலுக்குள் உண்மையாகவே அமுக்கரா இருந்தால்தான். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008 இல் வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது.

அம்மாவின் வல்லாரையைப் பற்றி எனக்குப் பயமில்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள். இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மாசி போட்டுப் பிசைந்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். முன்னமே புளி விட்டால் இலை கறுத்துப் போகும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: தேயிலை மலைக் கானில் பறிக்க வேண்டாம், புல்லுக்கு அடிக்கிற மருந்து மழையில் வடிந்து அங்கேதான் வரும். பீலிக்கரையில் பறித்தாலும் நன்றாகக் கழுவுங்கள். 2000 ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கனேடிய ஆய்வில், சுகதேகிகளுக்கு வல்லாரை கொடுத்து, திடீர்ச் சத்தத்துக்கு எவ்வளவு திடுக்கிடுகிறார்கள் என்று அளந்தார்கள். குடித்தவர்கள் குறைவாகத்தான் திடுக்கிட்டார்கள். மழைச் சத்தத்துக்குத் திடுக்கிடும் உங்களுக்கு இதைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரே வேளையில் 12 கிராம் கொடுத்தார்கள். சம்பலில் போடும் ஒரு பிடி இலையை அதோடு ஒப்பிட முடியாது. அவர்கள் நோயாளிகளும் அல்ல. ஆகவே அது நல்ல சாப்பாடு, அம்மாவின் அன்பு. மாத்திரைக்கு மாற்று அல்ல.

அப்புறம், தேத்தண்ணி. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை குடிக்கிறீர்கள்? சாயம் கூடின தேத்தண்ணியைப் பின்னேரம் குடித்தால் அதிலுள்ள கஃபீனில் பாதி, ஐந்தாறு மணித்தியாலம் கழிந்தும் உடம்பில் நிற்கும். பின்னேரத்துக்குப் பிறகு கொத்தமல்லி அவித்த தண்ணியோ பெலிமல் (வில்வம்பூ) தண்ணியோ குடித்துப் பாருங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதையும் விடுங்கள், அது சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நம் பெண்களில் பலருக்கு இரத்தச்சோகை உண்டு. இரத்தச்சோகைக்கும் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், உடம்பு சோர்ந்துபோகும். தைராய்டு கூடினாலும் படபடப்பும் வேர்வையும் வரும். இரண்டுக்கும் இரத்தம் சோதித்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்னும் சோதிக்கவில்லை என்றால் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பயத்தில் ஒரு பகுதி நோயே அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதைப் பார்த்த ஊர் நம்முடையது. 2025 நவம்பரில் டித்வா புயலில் மறுபடியும் பார்த்தோம். தலைக்கு மேலே மண் வெடித்திருக்கும்போது மழைக்கு முழித்திருப்பவளுக்குப் புத்தி சரியாகத்தான் வேலை செய்கிறது. அந்த வெடிப்புக்கு வல்லாரையும் உதவாது, செர்ட்ரலினும் உதவாது. கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுங்கள். மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், லயத்தில் நாலு பேர் சேர்ந்து போங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் எந்த வழியாக இறங்குவது, எங்கே தங்குவது என்று வீட்டில் இன்றைக்கே பேசி வையுங்கள். போகும் இடம் தெரிந்தால் பயம் முழுதாகப் போகாது, ஆனால் இராத்திரியில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது குறையும்.

மூலிகை வைத்தியமே பார்க்க வேண்டும் என்றால் பதிவு பெற்ற ஆயுர்வேத அல்லது சித்த மருத்துவரிடம் போங்கள். அவரிடம் செர்ட்ரலின் குடிப்பதைச் சொல்லுங்கள், கிளினிக் டொக்டரிடம் அவர் தரும் மருந்தைக் காட்டுங்கள். ஏசுவார்களோ என்று பயந்து இரண்டு பக்கமும் மறைத்தால், கெடுதல் வந்தாலும் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். நாளைக்குப் போகும்போது அந்தக் கேப்சூல் போத்தலையும் எடுத்துப் போங்கள். அதற்குள் இராத்திரியில் தாங்க முடியாமல் போனால், உயிரை விடலாம் என்ற நினைப்பு வந்தால், 1926 க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. அம்மாவையும் எழுப்பிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டொக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா