கைப்பையில் பெப்பர் ஸ்பிரே: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

போன இதழுக்கு அப்புறம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைத் தொட்டிருந்தன. எல்லாம் மலைப்பக்கத்துக் கடிதங்கள். நானும் குன்னூரில் இருந்துகொண்டுதான் எழுதுகிறேன், அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மேடம், நான் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். கடை மூட எட்டரை ஆகிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கி லைன் வீட்டுக்கு இருபது நிமிடம் தேயிலைத் தோட்டத்து வழியாக நடக்க வேண்டும், பாதி வழிக்கு லைட் இல்லை. ஒரு மாதமாக ஒருவன் பைக்கில் பின்னாலேயே வருகிறான். நின்று பேசப் பார்க்கிறான். பெப்பர் ஸ்பிரே வாங்கலாம் என்றால், அதற்கு லைசென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் ஆகும் என்று கூட வேலை செய்யும் அக்கா சொல்கிறார். உண்மையா?
வாசகி, குன்னூர்

லைசென்ஸ் வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு உரிமம் வாங்குவது போல இதற்கு வாங்க வேண்டியதில்லை. கடையிலும் ஆன்லைனிலும் வெளிப்படையாகத்தான் விற்கிறார்கள். தற்காப்புக்காகப் பையில் வைத்திருப்பது குற்றம் ஆகாது. பில்லோடு வாங்குங்கள், டப்பாவின் மேல் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் வழியில் உள்ள பர்லியார் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் தேடுவார்கள், இதற்காக யாரும் உங்களை நிறுத்தப் போவதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஸ்பிரே இல்லை, 'ஒரு மாதமாக' என்ற வார்த்தை. ஒரு மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த இருட்டு வழியில் நடந்திருக்கிறீர்கள். விருப்பம் இல்லை என்று தெளிவாகத் தெரிந்த பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயல்வது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம், முதல் முறைக்கே மூன்று வருடம் வரை சிறை. அவன் உங்களைத் தொட்டிருக்க வேண்டும் என்றோ உங்களுக்குக் காயம் பட்டிருக்க வேண்டும் என்றோ சட்டம் கேட்கவில்லை. வண்டி எண், எந்தெந்தத் தேதி, எந்த இடத்தில் நின்றான், என்ன சொன்னான் என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் காவல் நிலையத்துக்கு வேண்டுமானாலும் போகலாம். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது, பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அவர்கள்தான் அனுப்ப வேண்டும். இந்த மாதிரிப் புகாரைப் பெண் காவலர் ஒருவர்தான் எழுதிக்கொள்ள வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். வழியில் பயம் வந்தால் 112, பெண்கள் உதவிக்கு 181. சிக்னல் எந்த வளைவில் போய்விடுகிறது என்று உங்களுக்கே தெரியும், அதற்கு முன்பே வீட்டில் யாரையாவது லைனில் வைத்துக்கொண்டு நடங்கள். ஸ்பிரேயும் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். புகார் முதலில்.

கொடைக்கானலில் வாடகை வீட்டில் இருக்கும் என் தங்கைக்கும் வீட்டு உரிமையாளருக்கும் முன்பணம் விஷயமாகத் தகராறு. அவர் வாசலில் நின்று கத்தியிருக்கிறார், இவள் பயத்தில் பையிலிருந்த ஸ்பிரேயை முகத்தில் அடித்துவிட்டாள். இப்போது அவர் போலீசில் புகார் கொடுத்துவிட்டார். தற்காப்புக்காக அடித்தேன் என்று சொன்னால் போதாதா?
வாசகர், பெரியகுளம்

சொன்னால் மட்டும் போதாது. வைத்திருப்பதற்கு ஒரு சட்டமும் குறுக்கே வராது, அடித்த நிமிடத்திலிருந்து சட்டம் உள்ளே வந்துவிடும்.

தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதே விஷயம் நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரை இருக்கிறது. நல்ல அகலமான உரிமை. அடி விழும் வரை காத்திருக்கச் சொல்லவில்லை, உடலுக்கு ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எப்போது வருகிறதோ அப்போதே உரிமை தொடங்குகிறது என்கிறது 40-ஆம் பிரிவு. அந்த அச்சம் இருக்கும் வரைதான் உரிமையும் இருக்கும். ஆள் திரும்பி ஓட ஆரம்பித்த பிறகு துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்புக் கணக்கில் வராது. 37-ஆம் பிரிவு இன்னும் இரண்டு கட்டுப்பாடு வைக்கிறது: காப்பாற்றிக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது.

இந்த அளவை தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று நீதிமன்றங்களுக்கும் தெரியும். தாக்கப்படுகிறவர் தன் தற்காப்பைப் படிப்படியாகக் கூட்டிக் குறைத்துச் செய்வார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பயத்தில் இருக்கிற பெண்ணுக்கு இது பெரிய பலம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு தகராறில் காவலாளி மீது பெப்பர் ஸ்பிரே அடித்ததாகக் குற்றச்சாட்டு, அடித்தவர்கள் தரப்பு தற்காப்பு என்று சொல்லி வழக்கையே ரத்து செய்யக் கேட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, பெப்பர் ஸ்பிரே ஆபத்தான ஆயுதம்தான் என்று சொல்லி நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்தது. நம் மாநில நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் எடுத்துக் காட்டுவார். ஆபத்தான ஆயுதத்தாலோ, சுவாசித்தால் உடலுக்குத் தீங்கு செய்யும் பொருளாலோ காயம் ஏற்படுத்தினால் நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதனால் உங்கள் தங்கையிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள். அவர் வெறுமனே கத்தினாரா, கையை ஓங்கினாரா, கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்தாரா, கையைப் பிடித்தாரா? வீட்டில் அப்போது வேறு யாராவது இருந்தார்களா? வாசலில் நின்று கத்தியது மட்டும்தான் என்றால் வழக்கு கஷ்டம், மறைக்காமல் சொல்கிறேன். உள்ளே நுழைந்தார், கையைப் பிடித்தார் என்றால் கதையே வேறு, அவர் மேல் இவள் கொடுக்க வேண்டிய புகார் இன்னும் பாக்கி இருக்கிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கிற பெண்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், முதலில் புகார் கொடுத்த ஆண் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுகிறார். முன்ஜாமீன் வேண்டுமா என்று உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். காசு இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கொடுக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எண் 15100.

எங்கள் ஊரில் விடியற்காலையில் கரடி நடமாட்டம். இலை பறிக்கப் போகும் பெண்கள் பெப்பர் ஸ்பிரே எடுத்துப் போகலாமா? வன விலங்கு மேல் அடித்தால் ஃபாரஸ்ட்காரர்கள் கேஸ் போடுவார்களா?
வாசகர், கோத்தகிரி

கரடியும் காட்டுமாடும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. காயப்படுத்துவதும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான். ஆனால் தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தது குற்றம் ஆகாது என்று 11-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. மேலே பாய்ந்து வரும் கரடியிடமிருந்து தப்ப அடித்தவர் மேல் வழக்கு நிற்காது. நாமே நெருங்கிப் போய், கல்லெறிந்து, வீடியோ எடுக்கப் போய் மாட்டிக்கொண்டால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் கரடிக்கென்று பெரிய டப்பா தனியாக இருக்கிறது, ஏழெட்டு மீட்டர் தூரத்துக்கு மேகம் போலப் பரவும். நம் கைப்பை டப்பா இரண்டு மூன்று மீட்டர்தான் போகும். கரடி அவ்வளவு கிட்டே வந்த பிறகு டப்பாவைத் தேடவே நேரம் இருக்காது. அதை நம்பித் தோட்டத்துக்குள் இறங்க வேண்டாம். வெளிச்சம் வந்த பிறகு இறங்குங்கள், கூட்டமாகப் பேசிக்கொண்டே போங்கள். காட்டுமாடு வழியில் நின்றால் அது போகும் வரை நில்லுங்கள்.

ஊட்டியில் படிக்கும் என் மகளுக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கிக் கொடுத்தேன். பையிலேயே இருக்கிறது. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?
ஒரு அம்மா, மேட்டுப்பாளையம்

அம்மா, இன்றைக்கே அவளைத் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். என் கைப்பையிலும் ஒன்று கிடந்தது. போன டிசம்பரில் ஒரு காலை, பனி விழுந்து புல் வெளுத்திருந்த நேரத்தில், மொட்டை மாடிக்குப் போய் சுவரைப் பார்த்து அழுத்தினேன். பீய்ச்சி அடிக்கவில்லை. ஆரஞ்சு நிறத்தில் நாலு சொட்டு என் விரலில் வழிந்தது. காலாவதித் தேதி போய் ஏழு மாதம். தெரியாமல் அந்தக் கையால் மூக்கைத் தொட்டுவிட்டேன், மதியம் வரை எரிந்தது. அந்த டப்பாவை நம்பி எத்தனை இரவு நடந்திருக்கிறேன் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

குளிரில் டப்பாவுக்குள் அழுத்தம் குறையும். அதனால் பையின் அடியில் போடாமல் ஸ்வெட்டர் பாக்கெட்டில், உடம்புச் சூடு படும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடவும் கூடாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். மலைச்சரிவில் காற்று திரும்பிக்கொண்டே இருக்கும், நம் முகத்துக்கே வரலாம். பஸ், ஜீப் மாதிரி அடைத்த இடத்தில் அடித்தால் எல்லோருக்கும்தான் மூச்சு முட்டும். 2014 பிப்ரவரி 13 அன்று மக்களவையில் ஓர் உறுப்பினர் பெப்பர் ஸ்பிரே அடித்தபோது அவ்வளவு பெரிய மண்டபத்திலேயே இருமல் தாங்காமல் அவையைக் காலி செய்தார்கள், சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெயர்தான் மிளகு, உள்ளே இருப்பது மிளகாயின் காரச்சத்து. அது எண்ணெய் மாதிரி, வெறும் தண்ணீரில் கரையாது. பட்டுவிட்டால் தேய்க்காமல், லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, குழந்தை ஷாம்பு போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். எரிச்சல் அரை மணி, முக்கால் மணி நேரம் இருக்கும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரு தடவை மூடியைத் திறந்து, பாதுகாப்புக் கொக்கியைக் கட்டை விரலால் தள்ளிப் பழகட்டும். இருட்டில், கையுறையோடும் பழகட்டும். அடித்த பிறகு அங்கே நிற்காமல் ஓடி வெளிச்சத்துக்கு வந்து, முதல் வேலையாக அவளே 112-க்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிடட்டும்.

நர்ஸ் வேலைக்கு லண்டன் போகிறேன். ஸ்பிரேயைக் கொண்டு போகலாமா?
வாசகி, கூடலூர்

வேண்டவே வேண்டாம். பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் இது தடை செய்யப்பட்ட ஆயுதம், பையில் வைத்திருப்பதே குற்றம். விமானத்திலும் கைப்பையிலோ பெட்டியிலோ எதிலும் அனுமதி இல்லை. கோவை விமான நிலையத்துக்குக் கிளம்பும் அன்று சாவிக்கொத்தைப் பாருங்கள், அதோடு சேர்த்து மாட்டியதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கழற்றி வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.